மாற்றுத்திறனாளிகள் மையங்களில் டார்ச்சரும் பாலியல் தொல்லையும்: தடுக்க, நடந்துவிட்டால் கையாள ஒரு முழு வழிகாட்டி

"இது வேலை இல்லம்மா, சேவை." சிறப்புப் பள்ளியிலோ காப்பகத்திலோ சேருகிறவர் காதில் முதல் வாரமே விழும் வாக்கியம் இது. பாதி நேரம் அது உண்மைதான். மீதி நேரம் வாயை அடைக்கத்தான் பயன்படுகிறது. சம்பளம் ஏன் தாமதம் என்று கேட்டவருக்கும், தொடர்ந்து நான்காவது ஞாயிறும் எனக்கே டியூட்டியா என்று கேட்டவருக்கும், பெற்றோர் முன்னால் அப்படிப் பேசலாமா என்று கேட்டவருக்கும் இதே பதில்தான் கிடைக்கிறது.

சிறப்பாசிரியர், பிசியோ, ஆயா, வார்டன், வண்டி ஓட்டுநர் எல்லோருக்கும், மையத்தை நடத்துகிறவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம். சட்ட விவரங்கள் இந்தியாவுக்கும், அலுவலகப் பெயர்கள் தமிழ்நாட்டுக்கும் உரியவை.

முதலில் எது என்ன என்று பிரியுங்கள்

பேச்சு வழக்கில் எல்லாவற்றுக்கும் 'டார்ச்சர்' என்று ஒரே பெயர். ஆனால் எந்த வகை என்பதைப் பொறுத்துத்தான் போக வேண்டிய கதவு மாறும்.

மேற்பார்வையாளர் தனியாகக் கூப்பிட்டு, குழந்தையின் ஐ.இ.பி. (தனிநபர் கல்வித் திட்டம்) ஏன் இன்னும் எழுதவில்லை என்று கேட்டால் அது மேற்பார்வை, குரல் கொஞ்சம் உயர்ந்தாலும்கூட. அதே கேள்வியை ஒருவரிடம் மட்டும், வாரம் மூன்று முறை, பெற்றோர் காத்திருக்கும் இடத்தில் வைத்துக் கேட்டால் டார்ச்சர். நான்கு விஷயங்களைப் பாருங்கள்: தனியாகவா, பலர் முன்னாலா? எல்லோரிடமுமா, ஒருவரிடம் மட்டுமா? ஒருமுறையா, திரும்பத் திரும்பவா? பேச்சு வேலையைப் பற்றியா, ஆளைப் பற்றியா?

இந்தத் துறைக்கே உரிய சில வடிவங்கள் உண்டு. இருவர் சேர்ந்து தூக்க வேண்டிய 60 கிலோ ஆளை ஒருவரைத் தனியாகத் தூக்கவைப்பது. கடிக்கும், அடிக்கும் பழக்கமுள்ள பயனாளியை (மையத்தில் சேவை பெறும் மாற்றுத்திறனாளியை) தொடர்ந்து ஒரே ஊழியரிடம் தள்ளிவிடுவது. சான்றிதழ் அசல்களை வாங்கிப் பீரோவில் பூட்டிவைப்பது. அனுபவச் சான்று தரமாட்டேன் என்று மிரட்டுவது. சிறப்பாசிரியர்கள் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்றவர்கள். அந்தப் பதிவும் அனுபவச் சான்றும்தான் அவர்களின் பிழைப்பு என்பது மிரட்டுகிறவருக்கும் தெரியும்.

பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லைக்கு 2013ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. விருப்பமில்லாத தொடுதல், பாலுறவுக்கு அழைப்பது, பாலியல் சாயலுள்ள பேச்சு, ஆபாசப் படம் காட்டுவது, இவை தவிர சொல்லாலோ சைகையாலோ உடலாலோ செய்யும் விரும்பத்தகாத பாலியல் நடத்தை எதுவும் அதில் அடங்கும். இதற்குச் சாட்சியாக ஒரு கூட்டமே பார்த்திருக்க வேண்டியதில்லை, ஒருமுறை நடந்தாலே போதும்.

ஊழியரே மாற்றுத்திறனாளியாக இருந்து, அவரை அவமானப்படுத்தும் நோக்கத்தில் பொதுப் பார்வையில் வைத்து இழிவாகப் பேசினால், 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 92ஆம் பிரிவு வரும். தண்டனை குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 5 ஆண்டு சிறை, கூடவே அபராதம். மாற்றுத்திறனாளிகளுக்காகவே நடக்கும் இடத்தில் இப்படி நடக்குமா என்று கேட்கலாம். பார்வையற்ற கணினி ஆசிரியருக்குப் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடும் ஊழியர் அறைகள் உண்டு. ஆயாவையோ துப்புரவுப் பணியாளரையோ பலர் முன்னிலையில் சாதியைச் சொல்லித் திட்டினால், திட்டப்பட்டவர் பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ ஆக இருந்து, திட்டியவர் அப்படி இல்லையென்றால், 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி அது குற்றம். இந்த இரண்டும் மையத்துக்குள் பேசித் தீர்க்கும் சமாச்சாரங்கள் அல்ல.

பயனாளி அடிப்பதும் கிள்ளுவதும் வேறு வகை. அதைத் தனியாகப் பார்ப்போம்.

பணிப்பட்டியலை எடுத்து வையுங்கள்

தடுப்பு என்றதும் எல்லோரும் கொள்கை அறிக்கை எழுதி, சுவரில் பேனர் ஒட்டுகிறார்கள். அவையும் வேண்டும். ஆனால் ஒரு மையத்தில் டார்ச்சர் நடக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் பார்க்க வேண்டியது டியூட்டி ரோஸ்டர்.

கடைசி 4 வார ரோஸ்டரை எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரில் மூன்று எண்ணை எழுதுங்கள்: எத்தனை இரவு டியூட்டி, எத்தனை ஞாயிறு, தூக்கிவிட வேண்டிய பயனாளிகள் எத்தனை பேர். ஆறு வார்டன்கள் மாறி மாறி, இரவுக்கு ஒரு வார்டனாக 28 இரவு பார்க்கிறார்கள் என்றால் ஆளுக்கு நான்கோ ஐந்தோ வர வேண்டும். ஒருவருக்கு 9 இருந்தால் காரணம் கேளுங்கள். அவரே விரும்பிக் கேட்டிருக்கலாம், வீட்டுச் சூழ்நிலை இருக்கலாம். அவர் போன மாதம் எதையாவது கேள்வி கேட்டவராக இருந்தால் விடை கைக்கு வந்துவிட்டது. இந்தக் கணக்குக்கு அரை மணி நேரம் ஆகாது. மாதம் ஒருமுறை, ரோஸ்டர் போடுகிறவர் அல்லாத ஒருவர் இதைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

ரோஸ்டரோடு சேர்த்து இன்னும் சில விதிகளை எழுத்தில் வையுங்கள்:

- இருவர் தூக்க வேண்டியவர் யார் யார் என்ற பட்டியல் அறைக் கதவின் உள்பக்கம் இருக்கட்டும். தனியாகத் தூக்க மறுத்தால் மெமோ கிடையாது என்று அதிலேயே எழுதுங்கள்.
- வீட்டுக்குச் சென்று பயிற்சி தரும் ஊழியர் போகும் முகவரி, நுழையும் நேரம், வெளியேறும் நேரம் மூன்றையும் ஒரே எண்ணுக்குச் செய்தியாக அனுப்ப வேண்டும். அந்த வீட்டில் பயனாளியோடு வேறு பெரியவர் யாராவது இருக்க வேண்டும். பாதுகாப்பில்லை என்று தோன்றினால் பாதியில் கிளம்பி வரலாம், அன்றைய சம்பளம் பிடிக்கக் கூடாது.
- காப்பகத்தில் இரவு டியூட்டியில் ஒரு பெண் ஊழியர் மட்டும் தனியாக இருக்கக் கூடாது. ஊழியர் உடை மாற்றும் அறைக்கு உள்தாழ்ப்பாள் வேண்டும். சின்ன விஷயமாகத் தெரியும், பல இடங்களில் அதுதான் இருக்காது.
- அசல் சான்றிதழ்களைப் பார்த்து, நகல் எடுத்துக்கொண்டு அன்றே திருப்பிக் கொடுக்க வேண்டும்.
- ஒருவரைத் திருத்தும் செய்தி வாட்ஸ்அப் குழுவில் போகக் கூடாது. தனியாகச் சொல்ல வேண்டும்.

உள்ளகக் குழு: பேருக்கு அல்ல

10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு கட்டாயம். பலர் இன்னும் ஐ.சி.சி. (உள்ளகப் புகார்க் குழு) என்றே சொல்கிறார்கள். 'எங்களிடம் சம்பளப் பட்டியலில் ஏழு பேர்தான்' என்று கைவிரிக்க முடியாது. தினக்கூலி, ஒப்பந்த பிசியோ, பயிற்சிக்கு வந்த மாணவர், சம்பளமில்லாத தன்னார்வலர் எல்லோருமே அந்தச் சட்டத்தின் கண்ணில் ஊழியர்கள். கிளைகள் தனித்தனி ஊரில் இருந்தால் கிளைக்கு ஒரு குழு வேண்டும்.

தலைவர் மூத்த பெண் ஊழியர். ஊழியர்களிலிருந்து குறைந்தது இரண்டு உறுப்பினர். வெளியிலிருந்து ஒருவர், பெண்கள் பிரச்சினையில் வேலை செய்யும் தொண்டு நிறுவனத்தைச் சேர்ந்தவராகவோ இந்த விஷயம் அறிந்தவராகவோ. மொத்தத்தில் பாதிக்குக் குறையாமல் பெண்கள். பதவிக்காலம் அதிகபட்சம் 3 ஆண்டு. அமைக்காவிட்டால் நிர்வாகத்துக்கு 50,000 ரூபாய் வரை அபராதம்.

கோட்டை விடுவது வெளி உறுப்பினர் விஷயத்தில்தான். நிறுவனரின் மைத்துனி, டிரஸ்ட்டின் ஆடிட்டர், நன்கொடையாளரின் மனைவி என்று போட்டுவிடுகிறார்கள். காகிதத்தில் குழு நிறைவாக இருக்கும், புகார் மட்டும் ஒன்றும் வராது. செலவு ஒரு காரணமே இல்லை. விதிப்படி வெளி உறுப்பினருக்கான படி ஒரு நாளைக்கு 200 ரூபாயும் பயணச் செலவும்தான்.

10 பேருக்குக் குறைவான மையமென்றாலோ, புகார் நிறுவனர் அல்லது நிர்வாகியின் மீதே என்றாலோ, போக வேண்டியது மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழு. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலோ மாவட்டச் சமூக நல அலுவலகத்திலோ அதன் விவரம் கேட்கலாம். குடும்பமே நடத்தும் சிறிய டிரஸ்ட்டுகளுக்கு இதுதான் பொருந்தும் வழி. அங்கே உள்ளே புகார் கொடுப்பது, குற்றம் சாட்டப்பட்டவரின் கையிலேயே மனுவைக் கொடுப்பதற்குச் சமம்.

நடந்த அன்றே செய்ய வேண்டியவை

முதலில் அந்த இடத்தைவிட்டு விலகுங்கள். உங்கள் பொறுப்பில் பயனாளி இருந்தால், அவரை இன்னொரு ஊழியரிடம் பெயர் சொல்லி ஒப்படைத்துவிட்டுப் போங்கள். இது முக்கியம். 'குழந்தையைத் தனியே விட்டுவிட்டுப் போனார்' என்ற எதிர்ப்புகாருக்கு இடம் கொடுக்கக் கூடாது.

அடுத்தது எழுத்து. அன்று தூங்குவதற்குள் எழுதிவிட வேண்டும். கோடு போட்ட, பக்கம் தைத்த நோட்டு நல்லது. கிழிக்க முடிகிற தாள் வேண்டாம். மையத்தின் கணினியில் எழுத வேண்டாம். எழுதும் விதம் இப்படி இருக்கட்டும்:

'வெள்ளி, மதியம் 12.40. சாப்பாட்டு அறை. கோ-ஆர்டினேட்டர் மேடம் என்னிடம், "உனக்கெல்லாம் யார் சர்டிஃபிகேட் கொடுத்தது, மாட்டு டாக்டரா?" என்றார். அப்போது இரண்டு பெற்றோரும் சமையல் அக்காவும் இருந்தார்கள். நான் பதில் சொல்லவில்லை. 1.15க்கு அடுத்த வாரம் முழுக்க எனக்கு நைட் டியூட்டி என்று குரூப்பில் மெசேஜ் வந்தது.'

இதில் 'எப்போதும் என்னை அவமானப்படுத்துவார்' என்ற வரி இல்லை. அப்படி எழுதினால் விசாரணையில் முதல் கேள்வியே 'எப்போது, எத்தனை முறை?' என்றுதான் வரும். சொன்ன சொல்லைச் சொன்னபடியே எழுதுங்கள், கெட்ட வார்த்தையாக இருந்தாலும் புள்ளி வைத்து மறைக்காதீர்கள்.

வாட்ஸ்அப் செய்தி, அழைப்புப் பட்டியல், ரோஸ்டர் மூன்றையும் படம் எடுத்து வீட்டு மின்னஞ்சலுக்கு அனுப்பிவையுங்கள். தேதியும் எண்ணும் தெரியும்படி எடுக்க வேண்டும். ஆனால் ஆதாரம் என்று பயனாளிகளின் படத்தையோ மருத்துவக் கோப்பையோ வெளியே எடுத்துப்போகாதீர்கள். அதை வைத்தே உங்களை வேலையைவிட்டு அனுப்ப முடியும். அடிபட்டிருந்தால் அன்றே அரசு மருத்துவமனையில் காட்டி, எப்படி அடிபட்டது என்பதைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். ஆபத்து அந்த நேரமே இருந்தால் 112, பெண்கள் உதவிக்கு 181.

பாலியல் தொல்லைப் புகார்: தேதிகள்தான் உயிர்

சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தொடர்ந்து நடந்திருந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து கணக்கு. தாமதத்துக்குச் சரியான காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதம் வரை நீட்டிக்கலாம், காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும். ஆதாரங்கள், சாட்சிகளின் பெயர், முகவரியோடு ஆறு பிரதிகள். ஏழாவது ஒன்றை எடுத்து, பெற்றுக்கொண்ட கையெழுத்தும் தேதியும் வாங்கி உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். எழுத முடியாதவருக்கு எழுதிக் கொடுப்பது குழுவின் கடமை. ஆயாக்கள் பலர் இந்த ஒரு வரி தெரியாமலே விட்டுவிடுகிறார்கள்.

புகார் கொடுக்கிறவர் ஊழியராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. மையத்தில் பயிற்சி பெறும், தங்கியிருக்கும் பெண்ணும் கொடுக்கலாம். உடல் இயலாமை இருந்தால் அவர் சார்பில் உறவினரோ நண்பரோ சக ஊழியரோ கொடுக்கலாம். அறிவுசார் அல்லது மனநலக் குறைபாடு இருந்தால் யார் கொடுக்கலாம் என்ற விதியின் பட்டியலில் உறவினர், நண்பர், பாதுகாவலர், மனநல மருத்துவர், உளவியலாளர் ஆகியோரோடு 'சிறப்பாசிரியர்' என்ற சொல்லும் இருக்கிறது. இந்தத் துறையில் இருப்பவர்கள் அந்த விதியைப் படித்து வைத்திருக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குக் கீழ் என்றால் உள்ளகக் குழுவுக்காகக் காத்திருக்கவே கூடாது. போக்சோ சட்டப்படி (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். தெரிந்தும் சொல்லாத நிர்வாகிக்கு ஓராண்டு வரை சிறை.

புகார் வந்தபின் கடிகாரம் ஓடும். 7 வேலை நாளுக்குள் ஒரு பிரதி எதிர்தரப்புக்குப் போக வேண்டும். அவர் பதில் தர 10 வேலை நாள். விசாரணை 90 நாளுக்குள் முடிய வேண்டும். முடிந்த 10 நாளுக்குள் அறிக்கை. அதன் மேல் 60 நாளுக்குள் நிர்வாகத்தின் நடவடிக்கை. திருப்தியில்லாவிட்டால் 90 நாளுக்குள் மேல்முறையீடு. குழுவின் முன் எந்தத் தரப்புக்கும் வக்கீல் வர முடியாது. ஒவ்வொரு அமர்விலும் தலைவர் உட்பட குறைந்தது மூவர் இருக்க வேண்டும்.

விசாரணை நடக்கும்போது எழுத்தில் கேட்டால், இருவரில் ஒருவரை வேறிடம் மாற்றவோ, புகார் கொடுத்தவருக்கு 3 மாதம் வரை தனி விடுப்பு தரவோ குழு பரிந்துரைக்கலாம். இது அவருடைய சொந்த விடுப்பில் கழியாது. நடைமுறையில் மாற்றப்படுவது பெரும்பாலும் புகார் கொடுத்தவர்தான், அதுவும் 'உன் நன்மைக்கு' என்று சொல்லி. அவர் கேட்காமல் அவரை நகர்த்தாதீர்கள்.

சமரசம் பற்றி ஒரு வார்த்தை. பாதிக்கப்பட்ட பெண் தானாகக் கேட்டால் மட்டும், விசாரணை தொடங்குமுன், சமரசம் செய்யலாம். பணம் அதற்கு அடிப்படையாக இருக்கக் கூடாது. 'நாமெல்லாம் ஒரு குடும்பம் மாதிரி' என்று தலைவரே ஆரம்பித்தால் அது சட்டம் சொல்லும் சமரசம் அல்ல.

வாக்குமூலம் வாங்கும்போது

இங்கேதான் மற்ற அலுவலகங்களுக்கும் நமக்கும் பெரிய வேறுபாடு. காது கேளாத ஊழியர் வாக்குமூலம் கொடுத்தால் சைகைமொழி பெயர்ப்பாளர் வெளியிலிருந்து வர வேண்டும். சக ஊழியர் வேண்டவே வேண்டாம். அவர் யார் பக்கமும் இல்லாதவராக இருந்தாலும், அடுத்த நாள் கேன்டீனில் விஷயம் தெரிந்தால் பழி அவர்மேல் விழும். பார்வையற்றவருக்கு எழுதிய வாக்குமூலத்தை முழுவதும் படித்துக்காட்டி, அல்லது திரைவாசிப்பானில் (திரையில் உள்ளதைக் குரலில் படிக்கும் மென்பொருள்) திறக்கும் கோப்பாகத் தந்து, அதன்பிறகே கையெழுத்து.

அறிவுசார் குறைபாடு உள்ளவரிடம் 'அவர் உன்னை அங்கே தொட்டாரா?' என்று கேட்டால், கேட்பவரைத் திருப்திப்படுத்தப் பல நேரம் 'ஆமா' என்பார். அதே கேள்வியை மாற்றிக் கேட்டால் அதற்கும் 'ஆமா'தான். வழக்கு அத்தோடு போயிற்று. 'அன்று என்ன நடந்தது, சொல்லு' என்று திறந்து விடுங்கள். நாளைத் தேதியால் கேட்காமல் 'பொங்கல் கொடுத்த நாளா, வண்டி வராத நாளா' என்று அவர் உலகத்து அடையாளத்தால் கேளுங்கள். 15 அல்லது 20 நிமிடம் போதும், பிறகு இடைவெளி. சொன்ன சொல்லை அப்படியே எழுதுங்கள், 'அண்ணா கிச்சு கிச்சு பண்ணார்' என்றால் அதுதான் வாக்குமூலம், அதை 'பாலியல் சீண்டல்' என்று நீங்கள் மொழிபெயர்க்காதீர்கள். ஒரே ஆளிடம் ஐந்து பேர் ஐந்து முறை கேட்பதும் வாக்குமூலத்தைக் கெடுத்துவிடும்.

காவல் நிலையத்துக்குப் போவது என்று முடிவானால், பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்டவர் மாற்றுத்திறனாளியென்றால் காவலர் அவர் வீட்டிலோ அவருக்கு வசதியான இடத்திலோ வந்து பதிய வேண்டும் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு சொல்கிறது. மொழிபெயர்ப்பாளரோ சிறப்பாசிரியரோ உடனிருக்க வேண்டும், வீடியோ எடுக்க வேண்டும். உள்ளகக் குழுவில் புகார் கொடுத்திருப்பதால் காவல் நிலையக் கதவு மூடிவிடாது, இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கலாம்.

பாலியல் அல்லாத டார்ச்சர் என்றால்

இதற்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. ஆண் ஊழியர் மீதான பாலியல் தொல்லையும் 2013 சட்டத்தில் வராது. அதனால்தான் மையம் தானே எழுதிவைக்கும் விதி இங்கே முக்கியம். குறைந்தபட்சம் இவ்வளவு இருக்கட்டும்: புகாரை வாங்க இருவர், அவர்களில் ஒருவர் நிர்வாகக் குடும்பத்தைச் சேராதவர். 3 நாளில் பெற்றுக்கொண்டதாகக் கடிதம். 30 நாளில் முடிவு, காரணத்தோடு எழுத்தில். ஆண்களின் பாலியல் புகாரையும் இதே வழியில் எடுக்கலாம்.

ஊழியர் பக்கம்: மெமோ வந்தால் கோபத்தில் கிழித்துப் போடாதீர்கள், கையெழுத்துப் போட மறுக்கவும் வேண்டாம். 'பெற்றுக்கொண்டேன், ஒப்புக்கொள்ளவில்லை' என்று எழுதித் தேதியோடு கையெழுத்திட்டு, நகல் வாங்கிக்கொண்டு, கொடுத்த கெடுவுக்குள் ஒரு பக்கத்தில் பதில் தாருங்கள். 'வாய்வழியாக ராஜினாமா செய்துவிட்டார்' என்பது வழக்கமான உத்தி. அப்படிக் கேள்விப்பட்ட அன்றே, நான் ராஜினாமா செய்யவில்லை, வேலைக்கு வரத் தயார் என்று பதிவுத் தபாலும் மின்னஞ்சலும் அனுப்புங்கள். சம்பளத்தைப் பிடித்தால் தொழிலாளர் துறை. ஊழியரோ பயனாளியோ, மாற்றுத்திறனாளியின் உரிமை பறிபோனால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் மனு கொடுக்கலாம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கு நகல் போகட்டும். காப்பகத்தின் பதிவும் மானியமும் அந்தத் துறையோடு தொடர்புடையவை என்பதால் அந்த நகலுக்கு எடை உண்டு.

பயனாளி அடித்தால், பெற்றோர் திட்டினால்

ஆட்டிசம் உள்ள 19 வயது இளைஞர் ஊழியரின் முடியைப் பிடித்து இழுக்கிறார் என்றால் அவரைக் குற்றவாளியாக்க முடியாது. அதற்காக ஊழியர் வலியைச் சகித்துக்கொள்ளவும் தேவையில்லை. ஒவ்வொரு தடவையும் முன்னால் என்ன நடந்தது, அவர் என்ன செய்தார், பின்னால் என்ன கிடைத்தது என்று மூன்று கட்டத்தில் இரண்டு வாரம் எழுதுங்கள். மிக்ஸி சத்தம், பல்வலி, மலச்சிக்கல், பசி, புது ஆள் என்று ஏதோ ஒன்று திரும்பத் திரும்ப வரும். திடீரென்று அடிக்க ஆரம்பித்தால் முதலில் பல்லையும் காதையும் மருத்துவரிடம் காட்டுங்கள். அவரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை இருவருக்குள் மாற்றி மாற்றிக் கொடுங்கள், காயத்துக்கான மருத்துவச் செலவு மையத்துடையது. 'உனக்குக் கையாளத் தெரியவில்லை' என்று நிர்வாகம் சொல்லிவிட்டுப் போனால், அடித்தது அந்த இளைஞர், டார்ச்சர் செய்தது நிர்வாகம்.

பெற்றோர் விஷயம் வேறு. சோர்ந்துபோன அம்மாவின் கோபத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். ஊழியரின் சாதியைக் கேட்கும் அப்பாவையும், இரவு 11 மணிக்கு வீடியோ கால் போடும் மாமாவையும் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. வேலை காரணமாகத் தொடர்புக்கு வரும் வெளியாட்களிடமிருந்தும் ஊழியரைக் காப்பது முதலாளியின் சட்டக் கடமை. சேர்க்கைப் படிவத்திலேயே ஒரு பத்தி சேர்த்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்: தொடர்பு மைய எண்ணில் மட்டும், காலை 9 முதல் மாலை 6 வரை. எல்லை மீறினால் முதலில் கடிதம், பிறகு நிர்வாகியோடு நேரில் பேச்சு, பிறகு வேறு ஊழியர் வழியாகச் சேவை. குழந்தையின் சேவையை நிறுத்துவது கடைசிப் படிகூட அல்ல, தவறு செய்யாத ஒருவருக்குத் தண்டனை தருவது அது.

புகார் முடிந்த பிறகு

பழிவாங்கல் பெரும்பாலும் சத்தமில்லாமல் வரும். கூட்டத்துக்குக் கூப்பிட மறப்பது, புதுப் பயிற்சிக்கு வேறொருவரை அனுப்புவது, டீ வரும்போது மேசை காலியாவது. புகார் கொடுத்தவரின் ரோஸ்டரையும், சாட்சி சொன்னவர்களின் ரோஸ்டரையும் 30, 90, 180ஆம் நாட்களில் எடுத்து, முன்பு சொன்ன அதே மூன்று எண்ணைப் புகாருக்கு முந்தைய மாதத்தோடு ஒப்பிடுங்கள். புகார் நிரூபணமாகவில்லை என்பதற்காக நடவடிக்கை எடுக்க முடியாது. தெரிந்தே பொய் சொன்னார் என்று தனியாக விசாரித்து நிறுவினால்தான் அந்தப் பேச்சே. பெயர், முகவரி, விசாரணை விவரம் எதையும் குழு உறுப்பினர் வெளியே சொன்னால் 5,000 ரூபாய் அபராதம்.

வேலையைவிட்டுப் போகிறவரானாலும் அனுபவச் சான்று கடைசி நாளன்றே கையில் கிடைக்க வேண்டும். அதில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, பார்த்த வேலை ஆகியவை போதும். புகாரைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம்.